ஒரு கால் மட்டும் எரிந்தால்

"கால் எரியுதா? சுகர் பாத்தீங்களா?"

மருந்துக்கடை வாசலில், பேருந்து நிறுத்தத்தில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே இந்தக் குறையைச் சொன்னாலும் முதலில் வந்து விழுகிற கேள்வி இது. சர்க்கரை இருக்கிறது என்றால் பேச்சு அதோடு முடிந்தது. இல்லை என்றால் அடுத்த தீர்ப்பு வரும்: "அப்ப சத்துக் குறைவுதான். நரம்பு ஊசி அஞ்சு போட்டா சரியாயிடும்." சிவப்பாக இருக்கும் அந்த பி12 ஊசியை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, எரிச்சல் குறையாமலே மாதங்களைக் கடத்துகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் இப்படிச் சொல்வதில் பிழையில்லை, அக்கறையில் சொல்கிறார். இதே இரண்டு தீர்ப்பும் மருத்துவரின் அறைக்குள்ளும் இதே வேகத்தில் வருவதுதான் பிழை. நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கால் மேசைக்கு அடியில் இருக்கிறது. செருப்புகூடக் கழற்றப்படவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு, நரம்பு மாத்திரைக்கு ஒரு சீட்டு, அடுத்தவரை வரச் சொல்லுங்கள். உள்ளங்கால் எரிச்சலுக்குக் காரணம் இரத்தத்தில்தான் இருக்கும், கணுக்காலைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது. அது தவறான எண்ணம். கணுக்காலில் நரம்பு நெரிபட்டு, உள்ளங்காலின் உணர்வைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருப்பவர்களை அது ஆண்டுக்கணக்கில் அலைய விடுகிறது.

இந்த எண்ணம் ஒன்றுமில்லாமல் முளைத்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியர்களின் காலெரிச்சலைப் பற்றி 1826இலேயே கிரியர்சன் என்ற மருத்துவர் கல்கத்தாவின் மருத்துவச் சங்க ஏட்டில் எழுதினார். அதற்கு 120 ஆண்டுகள் கழித்து, 1946இல், சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த சி. கோபாலன் அதே காலெரிச்சலை ஆராய்ந்து, போதிய உணவில்லாத ஏழைகளிடம் அது வருவதையும் பாண்டோதெனிக் அமிலம் என்ற பி வகை வைட்டமின் கொடுத்தால் தணிவதையும் எழுதினார். இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் தலைமகன்களில் ஒருவரான அவருடைய பெயர் இன்றும் அந்த நோயின் பெயரில் இருக்கிறது: கிரியர்சன்–கோபாலன் நோய்க்குறி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் கைதி முகாம்களில் பட்டினி கிடந்த வீரர்களும் இரவெல்லாம் கால் எரிந்து தவித்தார்கள். ஆக, சத்துக் குறைந்தால் கால் எரியும் என்பது கண்டறியப்பட்ட உண்மை.

சர்க்கரையின் கதையும் அப்படித்தான். சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பு 2023இல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் ஏறத்தாழ 10 கோடி என்றது அது. நீண்ட நாள் சர்க்கரை நரம்பைக் கெடுக்கும். சர்க்கரைக்காகக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்கு பி12 அளவைக் குறைக்கும். கால் எரிகிறது என்று வருகிறவரிடம் சர்க்கரையைப் பற்றிக் கேட்காத மருத்துவர்தான் கடமை தவறியவர். ஆனால் அந்த ஒரு கேள்வியோடு விசாரணையை முடித்துக்கொள்வதற்கு கோபாலனின் ஆய்வும் இடம் கொடுக்காது, சர்க்கரையின் இயல்பும் இடம் கொடுக்காது.

ஏனென்றால் இரத்தம் இரண்டு காலுக்கும் ஒன்றுதான். சத்துக் குறைவோ சர்க்கரையோ நரம்பைக் கெடுக்கும்போது, உடம்பிலேயே நீளமான நரம்புகளின் நுனியை முதலில் பிடிக்கும். அதனால்தான் அது இரண்டு காலிலும், விரல் நுனியில் தொடங்கி, காலுறை போடுவதுபோல மேலே ஏறுகிறது. உள்ளங்காலோடு புறங்காலும் சேர்ந்து மரத்துப்போகும். வலது கால் நெருப்பாகக் காந்துகிறது, இடது கால் சுத்தமாக நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கியமே சர்க்கரைக்கு எதிரான முதல் சாட்சி. அந்தச் சாட்சியை விசாரிக்காமல் அனுப்புவது எந்த வகையில் மருத்துவம்?

ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிற ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். நாற்பத்தைந்து வயது. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். மாலை நெருங்க நெருங்க வலது உள்ளங்கால் காந்துகிறது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் சுருக் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிய பிறகும் விடுவதில்லை. தரையில் காலை வைத்தால் பஞ்சின் மேல் வைத்த மாதிரி இருக்கிறது. சர்க்கரை இல்லை. பி12 ஊசி பத்து போட்டாயிற்று. எக்ஸ்ரே எடுத்து, "குதிகால்ல எலும்பு வளர்ந்திருக்கு" என்று ஒருவர் சொல்லி, அடியில் ஸ்பாஞ்சு வைத்த செருப்பும் வாங்கியாயிற்று. இத்தனைக்கும் நடுவில் ஒருவரும் அவருடைய கணுக்காலின் உட்புற மொளிக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்க்கவில்லை.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது? இடுப்பிலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கும் பெரிய நரம்பின் ஒரு கிளை, டிபியல் நரம்பு, கெண்டைக்காலுக்குள் மறைந்து வந்து கணுக்காலின் உட்புறத்தில்தான் மேலே தெரியும்படி எட்டிப் பார்க்கிறது. உள்மொளிக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவில் ஒரு குறுகிய வழி. அடியில் எலும்பு, மேலே தோல் வார்போல இறுக்கிப் பிடித்த ஒரு நாண்பட்டை. இந்தச் சந்துக்குள் மூன்று தசைநாண்கள், ஒரு தமனி, அதோடு ஒட்டிய சிரைகள், இவற்றோடு அந்த நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். போகிற வழியில் அது பிரிந்து குதிகாலுக்கு ஒரு கிளை, உள்ளங்காலின் உட்பாதிக்கு ஒரு கிளை, வெளிப்பாதிக்கு ஒரு கிளை என்று கொடுக்கிறது. எலும்பும் பட்டையும் விலகிக்கொடுக்காது. உள்ளே எது வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். மணிக்கட்டில் கார்பல் டனல் என்று பலருக்கும் தெரிந்துவிட்ட தொல்லைக்கு இது காலில் உள்ள தங்கை. டார்சல் டனல் என்பது பெயர். 1962இல் கெக் என்பவரும் லாம் என்பவரும் தனித்தனியே அந்தப் பெயரில் எழுதினார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிற நோய் இது.

உள்ளே வீங்குபவை பலவகை. மூட்டிலிருந்தோ தசைநாண் உறையிலிருந்தோ முளைக்கும் நீர்க்கட்டி. நின்று நின்று புடைத்த சிரைகள். என்றோ கால் பிசகியதன் தழும்பு. பிறவியிலேயே கூடுதலாக அமைந்த ஒரு தசை. இரண்டு எலும்புகள் ஒட்டிப்போய்ப் புடைத்த மேடு. நரம்பின் உறையிலேயே வளரும் கட்டி. முடக்குவாதம், தைராய்டு குறைவு, கர்ப்பகால வீக்கம் போன்றவையும் இடத்தைக் குறுக்கும். உள்ளே எதுவுமே இல்லாமல், தட்டையான பாதம் உள்பக்கம் சரிந்து சரிந்து நரம்பை இழுப்பதும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையை ஒருமுறை கிட்டே இருந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மருத்துவர் முதலில் நோயாளியை முதுகு காட்டி நிற்கச் சொல்கிறார்; குதிகால் உள்ளே சரிகிறதா என்று பின்னாலிருந்து பார்க்கிறார். பிறகு உட்கார வைத்து, காலைத் தன் மடியில் எடுத்துக்கொள்கிறார். கட்டைவிரலால் உள்மொளிக்குப் பின்னால் மேலிருந்து கீழே மெதுவாக நீவிக்கொண்டு வருகிறார். கட்டி தட்டுப்படுகிறதா, நரம்பு கயிறுபோலத் தடித்திருக்கிறதா, நாடி துடிக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு நடுவிரல் நுனியால் கதவைத் தட்டுவதுபோல அதே கோட்டில் தட்டிக்கொண்டே இறங்குகிறார். ஓரிடத்தில் நோயாளி சட்டென்று காலை இழுத்துக்கொள்கிறார். "அய்யோ, அதேதான்... விரல் வரைக்கும் பாயுது!" மாதக்கணக்கில் எங்கேயோ எரிந்துகொண்டிருந்த ஒன்றுக்கு அந்த நொடியில் விலாசம் கிடைக்கிறது. 1915இல், போரில் அடிபட்டவர்களின் நரம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினெல் எழுதிவைத்த சோதனை இது. செலவு ஒரு பைசா இல்லை.

அதோடு இன்னொன்று. பாதத்தை மேல்நோக்கி மடக்கி, வெளிப்பக்கம் திருப்பி, விரல்களையும் மேலே வளைத்து 5 முதல் 10 நொடி அப்படியே பிடிப்பது. நரம்பு அப்போது முழுவதும் இழுபட்டு நெரிகிறது. நோய் இருந்தால் எரிச்சல் எழும்பி வரும். ஜப்பானிய மருத்துவர் கினோஷிதாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2001இல் இதை நோயில்லாத 100 கால்களிலும், நோயுள்ள 44 கால்களிலும் செய்து பார்த்தார்கள். நோயுள்ள கால்களில் பெரும்பாலானவை இதற்குக் குரல் கொடுத்தன.

தட்டிப் பார்ப்பது மட்டுமே போதுமா என்று ஒருவர் கேட்டால், போதாது என்பதுதான் பதில். நோயில்லாத சிலருக்கும் அந்த இடத்தில் தட்டினால் லேசாகச் சுருக்கென்னும். அதனால்தான் இரண்டு காலையும் தட்டி ஒப்பிட வேண்டும். முதுகுத்தண்டில் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினாலும் பாதத்தில் எரிச்சல் வரும். அப்போது குதிகாலுக்கு மேலுள்ள நாணில் சுத்தியலால் தட்டினால் வர வேண்டிய துள்ளல் குறைந்திருக்கும். நீட்டிய காலைத் தூக்கினால் வலி இடுப்பிலிருந்து பாயும். குதிகால் சவ்வு அழற்சி என்றால் காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில்தான் உயிர் போகும். நடக்க நடக்கக் கொஞ்சம் குறையும். கணுக்கால் நெரிசல் நேர்மாறானது. நிற்க நிற்க, நடக்க நடக்க ஏறும், இரவிலும் விடாது, வலியைவிட எரிச்சலும் மதமதப்பும் மேலோங்கி நிற்கும். புறங்கால் தப்பிவிடும். குதிகாலுக்குப் போகும் கிளை பலருக்குச் சந்துக்கு மேலேயே பிரிந்துவிடுவதால் குதிகாலும் தப்பிவிடலாம். நோயாளியைப் பேசவிட்டு, காலைத் தொட்டுப் பார்த்தால் இவ்வளவும் தெரியும்.

மேலே சொன்ன பெண்ணின் எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பு முளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த முளை, வலியே இல்லாத எத்தனையோ பேரின் குதிகாலிலும் இருக்கிறது. படத்தில் தெரிகிறது என்பதற்காகக் குற்றத்தை அதன் தலையில் கட்டிவிட முடியாது.

இனி, இந்த வாதத்துக்கு வருகிற எதிர்வாதங்களைப் பார்க்கலாம். முதலாவது: "இது அபூர்வமான நோய். ஆயிரத்தில் ஒருவருக்காக எல்லார் காலையும் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா?" சர்க்கரையால் எரியும் கால்களோடு ஒப்பிட்டால் இது குறைவுதான்; அதில் சந்தேகமில்லை. ஆனால் தேடாத நோய் கணக்கில் குறைவாகத்தானே வரும்? மேலும், இங்கே கேட்கப்படுவது எல்லாருக்கும் ஸ்கேன் அல்ல. ஒரு காலில் மட்டும் எரிச்சல், அல்லது ஒரு காலில் மிக அதிகம் என்று சொல்பவரின் செருப்பைக் கழற்றச் சொல்லி ஐந்து நிமிடம் தொட்டுப் பார்ப்பதுதான் கேட்கப்படுகிறது. பி12 ஊசி பத்துக்கும் அதைப் போட்டுக்கொள்ளப் போகிற அலைச்சலுக்கும் ஆகிற செலவைவிட இது மலிவு.

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் பலமானது. "நரம்பு டெஸ்ட் எடுத்தாச்சு. நார்மல்னு வந்திருக்கு. அப்புறம் என்ன?" மின்சாரத்தால் நரம்பைத் தூண்டி, செய்தி போகும் வேகத்தை அளக்கும் சோதனை இது. சர்க்கரை நரம்புக் கோளாறுக்கு வழக்கமாகச் செய்யும் தொகுப்பில் வெளிக்கணுக்கால் பக்கமாக ஓடும் சூரல் நரம்பு இருக்கும். அந்த நரம்பு, நெரிசல் நடக்கும் சந்துக்குள் நுழைவதே இல்லை. உள்ளங்காலுக்குப் போகும் இரண்டு கிளைகளையும் தனியாக அளக்கச் சொல்லிச் சீட்டில் எழுதினால்தான் அளப்பார்கள். அதை அளந்தாலும் சிக்கல் தீராது. வயதானவர்களில் நோய் இல்லாமலே அந்தக் கிளைகளின் அலை கிடைக்காமல் போவதுண்டு. நோய் இருந்தும் தொடக்கத்தில் எல்லாம் சரியாகத் தெரிவதும் உண்டு. 2005இல் அமெரிக்க மின்நரம்பியல் மருத்துவர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சலித்துப் பார்த்தார்கள். நோயை உறுதிப்படுத்த இந்தச் சோதனை உதவலாம், ஆனால் தரமான ஆய்வுகள் போதவில்லை என்றுதான் அவர்களால் எழுத முடிந்தது. அப்படிப்பட்ட ஒரு காகிதத்தைக் காட்டி, கண்ணெதிரில் காலை இழுத்துக்கொள்கிற நோயாளியிடம் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வது அநியாயம்.

மூன்றாவது: "எதுவாக இருந்தால் என்ன? எரிச்சலுக்குக் கொடுக்கப் போவது அதே மாத்திரைதானே!" கேட்பதற்கு நடைமுறை ஞானம்போல இருக்கும். மூன்றிலும் ஆபத்தான வாதம் இதுதான். பிரிகாபலின், கேபாபென்டின் போன்ற மாத்திரைகள் நரம்பு போடும் கூச்சலைத் தணிக்கும். நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கும் கட்டியை எழுப்பாது. நெரிபடும் நரம்பில் முதலில் மேலுறை தேய்கிறது. அந்தக் கட்டத்தில் நெரிசலை எடுத்துவிட்டால் வாரங்களில், மாதங்களில் தேறிவிடும். விட்டுவைத்தால் உள்ளிழைகளே அறுபடும். அறுந்த இழை திரும்ப வளரும் வேகம் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கணுக்காலிலிருந்து விரல் நுனிக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்தால், எல்லாம் நன்றாக நடந்தாலும் 200 நாள். அதற்குள் பாதத்தின் சிறு தசைகள் வற்றி, விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தால் அவை பழைய நிலைக்கு வருமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இந்த மூன்றாவது வாதத்துக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு பதிலும் இருக்கிறது. உள்மொளிக்குப் பின்னால் இருக்கும் அதே நரம்பைத்தான் தொழுநோயும் தேடிப் பிடிக்கிறது. அந்த இடத்தில் நரம்பு தடித்து வீங்கும், விலகிக்கொடுக்காத சந்துக்குள் தானே நெரிபடும், உள்ளங்கால் மரக்கும், குத்திய முள் தெரியாது, புண் வரும். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவிலிருந்து அது நீங்கியதாக இந்தியா அறிவித்தது 2005இல். ஆனால் இப்போதும் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இங்கேதான். கூட்டு மருந்து இலவசம். நரம்பு வீக்கத்துக்கு உரிய காலத்தில் பிரெட்னிசலோன் கொடுத்தால் பெரும்பாலும் காலின் உணர்வைக் காப்பாற்றலாம். கணுக்காலைத் தொட்டு, நரம்பு தடித்திருப்பதை உணர்ந்து, உடம்பில் உணர்வற்ற தேமல் இருக்கிறதா என்று பார்க்கிற மருத்துவர் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். தொடாமல் கொடுத்த பி12 ஊசியால் அந்த மனிதரின் கால் போகும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்களைத் திருத்தும் அறுவை சிகிச்சைகளால் உலகப் புகழ் பெற்றவர். 1950களில் ஓர் இரவு அவருக்கு நேர்ந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பயணத்தை முடித்துக் கப்பலில் இங்கிலாந்து வந்து, உடம்பு சரியில்லாமல், ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்தபடி லண்டன் போய்ச் சேர்கிறார். அறையில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலின் ஒரு பக்கம் உணர்வே இல்லை. ஓர் ஊசியை எடுத்துக் கணுக்காலுக்குக் கீழே குத்துகிறார். வலிக்கவில்லை. இன்னும் ஆழமாகக் குத்துகிறார். இரத்தம் எட்டிப் பார்க்கிறது, வலி இல்லை. இத்தனை ஆண்டு தொட்டுப் பார்த்த நோய் தன்னையே பிடித்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறார். மனைவி, குழந்தைகள், வேலை என்று எல்லாம் கண்முன் போய் வருகின்றன. விடிந்ததும் அதே ஊசியை அதே இடத்தில் குத்துகிறார். வலியில் கத்திவிடுகிறார். ரயிலில் அசையாமல் உட்கார்ந்ததில் ஒரு நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது. இரவில் அது தானாக விடுபட்டுவிட்டது.

அந்தச் சம்பவம் வலியின் அருமையைச் சொல்வதற்காகத்தான் பெரும்பாலும் எடுத்துச் சொல்லப்படுகிறது. இங்கே அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அழுத்தப்பட்ட நரம்பு எப்படி ஏமாற்றும் என்று தெரிந்த ஒருவரே ஓர் இரவு ஏமாந்தார். விடிந்ததும் அவரை மீட்டது ஆய்வுக்கூடமல்ல; தன் காலைத் தானே மறுபடி தொட்டுச் சோதித்ததுதான். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மையத்திலும் அவரும் அவரைச் சுற்றியவர்களும் உணர்வற்ற பாதங்களைக் காக்க உழைத்த உழைப்பிலிருந்துதான் எம்.சி.ஆர். என்ற மென்மையான நுண்ணறை ரப்பர் செருப்பு வளர்ந்தது, இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்கிப் போடுவது அதைத்தான். காலைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்த மண் இது. இங்கே செருப்பைக் கழற்றாத மருத்துவம் வழக்கமாகிவிட்டது மனதை உறுத்துகிறது.

எதிர்ப்பக்கத்தில் இருக்கும் அவசரத்தையும் மறுத்தாக வேண்டும். நரம்பு நெரிபடுகிறதா, பட்டையை வெட்டிவிட்டால் போயிற்று என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மணிக்கட்டில் அந்த அறுவை பெரும்பாலும் நல்ல பலன் தருவதால் வந்த நம்பிக்கை அது. கணுக்கால் அவ்வளவு இரக்கமுள்ளதல்ல. 1994இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அறுவை செய்த 32 கால்களில் நன்றாகத் தேறியவை 44 விழுக்காடுதான். 1991இல் ஜப்பானின் தகாகுராவும் குழுவினரும் 50 கால்களைப் பற்றி எழுதியதைச் சேர்த்துப் படித்தால் காரணம் புரியும். உள்ளே நீர்க்கட்டியோ எலும்பு மேடோ இருந்து, அதை எடுத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். காரணம் தெரியாமலோ பழைய அடியின் தழும்போடோ வந்தவர்களுக்குப் பலன் குறைவு. கட்டி இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்ப்பதற்கு இங்கேதான் உண்மையான இடம். நோயை முடிவு செய்வது விரலும் கதையும். உள்ளே என்ன இருக்கிறது, கத்தி உதவுமா என்று சொல்வது படம்.

சர்க்கரையாலேயே எரிகிற கால்களுக்கும் இந்த அறுவையைச் செய்யலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் லீ டெலன் 1992 முதல் வாதாடிவந்தார். வீங்கிய நரம்பு குறுகிய சந்தில் நெரிபடுகிறது என்பது அவருடைய விளக்கம். 2006இல் அமெரிக்க நரம்பியல் கழகம் சான்றுகளைப் பரிசீலித்து, நிரூபிக்கப்படாத சிகிச்சை என்று வகைப்படுத்தியது. அது சரியான எச்சரிக்கை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு, சர்க்கரை உள்ளவருக்குக் கணுக்கால் நெரிசலே வராது என்று எண்ணினால் அதுவும் பிழை. ஏற்கெனவே நலிந்த நரம்பு சின்ன அழுத்தத்துக்கும் சுணங்கிவிடும். சர்க்கரை இருப்பவரின் இரண்டு கால்களில் ஒன்று மட்டும் திடீரென்று மோசமானால், அந்தக் காலைத் தட்டிப் பார்க்க இன்னும் வலுவான காரணம் கிடைத்தது என்றுதான் அர்த்தம்.

அறுவைக்கு முன்னால் செய்ய வேண்டியவை ஆடம்பரமற்றவை. பாதம் உள்ளே சரிந்தால் உட்புற வளைவைத் தாங்கும் மெத்தையைச் செருப்புக்குள் வைப்பது. முற்றிலும் தட்டையான ரப்பர் செருப்பைக் கைவிடுவது. சில வாரம் கணுக்காலுக்குப் பட்டை. கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி. புடைத்த சிரைகளுக்கு அழுத்தக் காலுறை. தைராய்டோ முடக்குவாதமோ இருந்தால் அதற்கான மருந்து. எரிச்சல் தூக்கத்தைக் கெடுத்தால் மேலே சொன்ன மாத்திரைகளையும் தாராளமாகக் கொடுக்கலாம். காரணத்தைத் தேடிக்கொண்டே கொடுக்கும்போது அவை நல்ல துணை. ஸ்டீராய்டு ஊசியை நரம்புக்குப் பக்கத்தில் போடுவது சிலருக்கு உதவும், ஆனால் அங்கே ஓடும் தசைநாண் பலவீனப்பட்டு அறுந்துவிடும் ஆபத்தும் இருப்பதால் கைதேர்ந்தவர்தான் போட வேண்டும். மூன்று முதல் ஆறு மாதம் இதையெல்லாம் செய்தும் குறையாவிட்டால், அல்லது கட்டி தெரிந்தால், தசை வற்றத் தொடங்கினால், அறுவையைப் பற்றிப் பேசலாம். அப்போதும் மேலேயுள்ள பட்டையை மட்டும் வெட்டிவிட்டு வந்தால் போதாது. உள்ளங்காலின் தசைக்கு அடியில் நுழையும் கிளைகள்வரை நரம்பைப் பின்தொடர்ந்து போய் வழிவிட வேண்டும். இந்த அறுவையை எத்தனை முறை செய்திருக்கிறீர்கள் என்று கேட்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய சிகிச்சை ஒன்று உண்டு. அது எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. நாளெல்லாம் நிற்கிறவர் கொஞ்சம் உட்கார வேண்டும். புடவைப் பிரிவில் நிற்கும் அந்தப் பெண்ணிடம் "ரொம்ப நேரம் நிக்காதீங்கம்மா" என்று மருத்துவர் சொன்னால், அவர் தலையாட்டிவிட்டுப் போய் மறுநாளும் பதினொன்றரை மணிநேரம் நிற்கத்தான் செய்வார். வேலை அப்படி. ஆனால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தம், வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள ஒவ்வொரு ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்துகிறது. அவருடைய கணுக்காலைத் தட்டிப் பார்த்து நோயைக் கண்டுபிடித்த மருத்துவர், மாத்திரைச் சீட்டோடு தன் கையெழுத்திட்டு இன்னொரு தாளும் கொடுத்தனுப்பலாம்: இவருக்கு வலது கணுக்காலில் நரம்பு அழுத்தம் உள்ளது, தொடர்ந்து நிற்கக் கூடாது, சட்டப்படி உரிய இருக்கையைக் கொடுக்கவும். அந்தத் தாள் கல்லாவில் இருக்கும் முதலாளியின் மேசைக்குப் போகட்டும்.